இலஞ்சமும் கல்முனை ஆசனமும்



ஊழலைப் பற்றிப் பேசும்போது தலைநகரைச் சுட்டுவது நம்மவர் வழக்கம். ஆயின் இலங்கையின் ஊழல் சரித்திரத்தில் மறக்கலாகாத ஓர் ஏடு நமது கல்முனைத் தொகுதியோடு பிணைந்துள்ளது. அதனை இன்று புரட்டிப் பார்ப்போம்.

இலஞ்சச் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே இயற்றப்பெற்றது. எனினும் பாராளுமன்ற உறுப்பினர் சிலர்மீது குற்றச்சாட்டுகள் எழவே, அவற்றை ஆராய 1959இல் தலகொடபிட்டிய ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் உட்படச் சிலர்மீதான குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்பட்டன என அக்குழு அறிக்கை செய்தது.

ஆணைக்குழு விசாரிக்கலாம், தண்டிக்க அதற்கு அதிகாரமில்லை. ஆண்டுகள் உருண்டோடின. 1965 மார்ச்சுத் தேர்தலில் கல்முனை மக்கள் அவரையே தெரிந்தனுப்பினர். அவ்வாண்டு நவம்பரில், குறித்த சிலரின் குடியியல் உரிமைகளைப் பறிக்கும் 14ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அவரது ஆசனமும் வறிதாயிற்று. தீர்ப்பளித்தல் நீதிமன்றின் பணியன்றோ, பாராளுமன்றம் அதனைக் கவரலாமோ என்று அவர் வழக்காடினார். 1967இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அச்சட்டம் செல்லுமெனக் கூறி அவரது மேன்முறையீட்டைத் தள்ளியது.

சட்டம் செல்லும் என்பது ஒன்று. அது செப்பமான வழியா என்பது வேறொன்று. குற்றச்சாட்டு எழுந்த அன்றே நீதிமன்றம் விசாரித்துத் தீர்த்திருப்பின், பெயர் குறித்துச் சட்டஞ் செய்யும் தேவை எழுந்திராது. அறிக்கைக்குப் பின்னரும் மக்கள் அவரை ஏன் தெரிந்தனர்? தூரத்து அரசிடம் நமக்காக வாதாட நம்மவர் ஒருவர் வேண்டும் என்னும் ஏக்கம், அறிக்கையினும் வலிதாயிருந்தது போலும்.

அந்த ஏக்கத்திலேதான் இலஞ்சம் வேர்விடுகின்றது. வயலுக்குரிய நீரும், வணிகனுக்குரிய அனுமதிப்பத்திரமும் உரிமையாகக் கிடையாதபோது, குடிமகன் சலுகை தேடி அலைகின்றான். கைக்கூலி கொடுத்து ஒப்பந்தம் பெற்றவன் கட்டும் வாய்க்கால் மாரியில் உடைகின்றது; அடுத்த ஆண்டின் வரிப்பணமும் அதே வாய்க்காலில் கரைகின்றது. வறிய நாட்டின் வளர்ச்சி குன்றுவது இவ்வாறே.

1994இல் இலஞ்ச, ஊழல் விசாரணைக்கென நிரந்தர ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. எனினும் 2022இல் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்றது. மறுவருடம் புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தது. சட்டங்கள் பெருகின, அவை உரிய காலத்தில் பாய்கின்றனவா என்பதே இன்றும் வினா.

இவ்வரலாற்றைக் கற்பிக்கும்போது, தோற்றவர் யார் என்று மாணவரை வினவுவேன். உறுப்பினர் என்பர் சிலர். நான் சொல்வேன்: ஆசனம் வறிதான அன்று, வாக்களித்த கல்முனையின் குரலும் அவையில் அடங்கிற்று. பிந்திவரும் நீதிக்குக் குற்றமற்றோரும் விலை கொடுக்கின்றனர்.