கழிவுநீரில் தழைத்த புறநகர்

நகரத்தில் நாம் பயன்படுத்திக் கொட்டும் நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் மேற்கு வங்க அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ் இந்தக் கேள்வியுடன் கொல்கத்தாவின் கழிவுநீர்க் கால்வாயைத் தொடர்ந்து கிழக்கே சென்றார். பெரிய சுத்திகரிப்பு நிலையம் எதுவும் அங்கே இல்லை. பரந்த மீன் குளங்களும் காய்கறித் தோட்டங்களும் நெல் வயல்களுமே இருந்தன. நகரத்தின் சாக்கடை அவற்றுக்குள் புகுந்து, ஓரளவு தெளிந்த நீராக வெளியேறிக் கொண்டிருந்தது.

நகரின் மேற்கே ஊக்ளி ஆறு ஓடுகையில், சாக்கடை ஏன் கிழக்கே செல்ல வேண்டும்? ஊக்ளி தன் வெள்ளக் காலங்களில் வண்டலைக் கரையோரத்திலேயே படிய வைத்தது. அதனால் கரை மேடாகவும், கரையை விட்டு விலகிய நிலம் தாழ்வாகவும் அமைந்துவிட்டன. சரிவின் முடிவில் உப்பு ஏரிகள் என்ற சதுப்பு நிலம் கிடந்தது. வித்யாதரி ஆற்றின் வழியே கடலின் ஓதம் அதுவரை ஏறி இறங்கும். எனவே 1859 முதல் 1875 வரை வில்லியம் கிளார்க் என்ற பொறியாளரின் திட்டப்படி பாதாளச் சாக்கடை கட்டப்பட்டபோது, அது கிழக்கு நோக்கியே அமைந்தது.

குப்பையும் அதே திசையில்தான் சென்றது. 1860களில் தாப்பா என்னுமிடத்தில் ஒரு சதுர மைல் நிலம் குப்பை கொட்ட ஒதுக்கப்பட்டு, அதை ஏற்றிச் செல்லத் தனி ரயில் பாதையும் போடப்பட்டது. 1880 வாக்கில் பவநாத் சென் என்பவர் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடச் செய்தார். மக்கிய குப்பையே எருவாயிற்று. நீண்ட குப்பை மேடுகளும் அவற்றினிடையே நீண்ட குளங்களும் மாறி மாறி அமைந்தன. குளத்துக் கழிவுநீரை மொண்டு மேட்டுப் பாத்திகளுக்கு ஊற்றினார்கள். காலிபிளவர், முள்ளங்கி, கீரை, மக்காச்சோளம் எல்லாம் அங்கே விளைந்தன. தாப்பா இன்றும் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

மீன் வளர்ப்பு வந்த விதம் வேறு. உப்பு ஏரிகளில் முன்பு கொடுவாய், மடவை போன்ற உவர்நீர் மீன்களே பிடிபட்டன. வித்யாதரி ஆறு வண்டலால் தூர்ந்து, 1928இல் அது செத்துவிட்டதாக அரசே அறிவித்தது. உப்புநீர் வரத்து நின்றது. மீனவர் பிழைப்பும் நின்றது. அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் மீன் பண்ணைக்காரர் ஒருவர் தம் குளத்துக்குள் கழிவுநீரை விட்டுப் பார்க்க, நன்னீர்க் கெண்டைகள் கொழுத்து வளர்ந்தன. மற்றவர்களும் பின்பற்றினார்கள். 1940களில் மாநகராட்சிப் பொறியாளர் பி. என். டே வகுத்த திட்டத்தின்படி குல்டி ஆறு வரை புதிய கால்வாய்கள் வெட்டப்பட்டன. அவற்றிலிருந்து பம்பு இல்லாமலே நீர் குளங்களுக்குப் பாய்ந்தது.

இக்குளங்களை அங்கே பேரி என்பர். ஆழம் பெரும்பாலும் ஒரு மீட்டரளவே. குறைந்த ஆழத்தில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. குளிர்காலத்தில் குளத்தை வற்றவைத்து, உழுது, சுண்ணாம்பு இட்டுக் காய விடுவார்கள். பிறகு கழிவுநீரை நிரப்பி, மீன் விடாமல் சுமார் இரண்டு வாரம் காத்திருப்பார்கள். பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்து நைட்ரஜனையும் பாஸ்பரசையும் வெளியிடுகின்றன. அடிவரை ஊடுருவும் வெயிலில் நுண்பாசிகள் அவற்றை உண்டு பெருகி, ஆக்சிஜனை விடுகின்றன. அந்த ஆக்சிஜனே பாக்டீரியாவின் வேலையைத் தொடரச் செய்கிறது. நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியும் இதற்குள் மடிகிறது. பாசி மிதமிஞ்சினால் அழுகி நீரே கெட்டுவிடும். அதைத் தின்று தீர்க்கவே ரோகு, கட்லா, மிருகால், திலேப்பியா ஆகியவை வருகின்றன. ஆகவே மீன் இங்கே விளைபொருள் மட்டுமன்று. இயந்திரத்தின் ஓர் உறுப்புங்கூட. கரையோரம் வளர்க்கும் ஆகாயத்தாமரை அலை கரையை அரிக்காமல் காக்கிறது. மற்ற ஊர்களில் களையென்று பிடுங்கி எறியப்படும் செடி அது!

எப்போது எவ்வளவு கழிவுநீர் விடுவது என்பதை நீரின் நிறத்தையும் வாசனையையும் கொண்டே தொழிலாளர்கள் முடிவு செய்கிறார்கள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே மதகை அடைத்துவிடுவார்கள். கருவி கொண்டு அளக்கும் நாம் இந்த அறிவைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

தீவனச் செலவும் உரச் செலவும் குறைவு. சந்தையும் கூப்பிடு தூரத்தில். பிடித்த மீனை நீர் நிறைந்த அலுமினியப் பாத்திரங்களில் உயிரோடு கொண்டு செல்கிறார்கள். வழியெல்லாம் கையால் நீரை அடித்துக்கொண்டே போவது காற்றைக் கலப்பதற்காகத்தான். சுமார் 12,500 எக்டேர் பரப்புள்ள இப்பகுதியிலிருந்து ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் மீனும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 டன் காய்கறியும் கிடைப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஏழைகளும் மீன் வாங்க முடிவதற்கு இது ஒரு முக்கிய காரணம். இதே நீரை இயந்திரங்களால் சுத்தம் செய்தால் ஆகும் பணமும் மின்சாரமும் எவ்வளவு! அந்தத் தொகை மாநகராட்சியின் கணக்கில் வரவாக எழுதப்படுவதில்லை. மனை விலை மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது.

அதனால் நிலம் குறைந்தது. 1962இல் ஊக்ளியின் மணலைக் குழாய்களில் கொண்டுவந்து கொட்டி, உப்பு ஏரி நகரை எழுப்பத் தொடங்கினார்கள். பல பேரிகள் மறைந்தன. 1992இல் உலக வர்த்தக மையம் அமைக்க நிலம் கேட்கப்பட்டபோது, ஒரு குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி ஈரநிலத்தைக் காக்கும்படி தீர்ப்பளித்தார். 2002இல் இது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது. ஆயினும் குளத்தை நிரப்புவது நிற்கவில்லை. இங்கு உழைப்பவர் பலரும் குளத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். விற்கும் முடிவில் அவர்களுக்குப் பங்கில்லை.

குறையையும் மறைக்கக் கூடாது. பாக்டீரியாவால் ஈயத்தையோ குரோமியத்தையோ சிதைக்க இயலாது. பட்டறைக் கழிவும் தோல் பதனிடும் கழிவும் கலந்தால் அவை சேற்றிலும் கீரையிலும் தங்குகின்றன. பழைய குப்பை மக்கியது. இன்றைய குப்பையில் பிளாஸ்டிக் மிகுதி. இது உழவர் செய்த தவறன்று, அவர்களுக்கு நகரம் அனுப்பும் பொருள் மாறிவிட்டது.

பண்டலா மதகில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தால்தான் குளங்களுக்குக் கழிவுநீர் ஏறும். மழைக்காலத்தில் தெருக்கள் மூழ்காதிருக்க அதைத் தாழ்த்த வேண்டும் என்பது நகரத்தின் தேவை. ஆகவே அங்குள்ள மீன் வளர்ப்போர் நெடுங்காலமாகச் சொல்லி வரும் முறையீடு சாக்கடை நாற்றத்தைப் பற்றியதன்று; போதிய சாக்கடை வந்து சேரவில்லை என்பதுதான்.