கொட்டாங்குச்சிக் கரி உயிர் காத்த கதை

1/ தேங்காயைத் துருவின பிறகு கொட்டாங்குச்சியை என்ன பண்றீங்க? வெந்நீர் அடுப்புக்குப் போகும், இல்லேன்னா குப்பைக்கு. அந்தக் குப்பைக்கும், விஷம் குடிச்சவங்களுக்கு ஆஸ்பத்திரியில் கரைச்சுக் கொடுக்கிற கறுப்புத் தூளுக்கும் ஒரு பழைய உறவு இருக்கு.

2/ 1831. துவேரி என்ற பிரெஞ்சு மருந்தாளர், பாரிஸ் மருத்துவ அகாடமி உறுப்பினர்கள் முன்னாடி எட்டி விஷமான ஸ்ட்ரிக்னினைக் கரித்தூளோடு சேர்த்து விழுங்கினார். ஆளைக் கொல்லும் அளவைவிடப் பல மடங்கு. அவருக்கு ஒண்ணும் ஆகல. (யாரும் முயற்சி பண்ணாதீங்க!)

3/ எப்படி? கரி விஷத்தை முறிக்கல, தன் மேல ஒட்டவச்சுக்குது. ஒட்ட இடம் வேணுமே? கரியை 800-1000 டிகிரி சூட்டில் நீராவியில் வாட்டினா உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாகும். இதுதான் 'ஆக்டிவேட்டட் கார்பன்'. ஒரே கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் வரை பரப்பு, சுமார் 4 கிரவுண்டு மனைக்கும் மேல!

4/ 1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தில் ஈப்ர போர்முனை. ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. ஆரம்பத்தில் வீரர்களுக்குக் கிடைச்சது ரசாயனத்தில் நனைத்த துணிதான். அதே வருஷம் ரஷ்ய வேதியியலாளர் செலின்ஸ்கி, ஆக்டிவேட்டட் கரி வச்ச முகமூடியை உருவாக்கினார்.

5/ 1918இல் அமெரிக்காவில் கரிக்குத் தட்டுப்பாடு. கொட்டாங்குச்சிக் கரிதான் சிறந்ததுன்னு தெரியும், ஆனா போதுமான அளவு கிடைக்கல. "தேங்காய் நிறைய சாப்பிடுங்க"ன்னு பிரச்சாரமே நடந்தது! பீச் பழக்கொட்டைகளையும் சேர்த்தாங்க. 200 கொட்டை இருந்தா ஒரு முகமூடிக்கான கரி ரெடி. பழத்தைத் தின்னுட்டுத் துப்பின கொட்டை, முகம் தெரியாத ஒருத்தரோட மூச்சைக் காப்பாத்துச்சு.

6/ ஏன் கொட்டாங்குச்சி? கெட்டியான பொருள். அதன் கரி எளிதில் பொடியாகாது. துளைகளும் மிக நுண்ணியவை, சின்ன வாயு மூலக்கூறுகளைப் பிடிக்கத் தோதானவை. இன்னைக்கும் பல வீட்டு வாட்டர் ஃபில்டர்களில் இருப்பது இதுதான்.

7/ அப்போ விஷம் குடிச்ச எல்லாருக்கும் கரி கொடுத்தா போதுமா? இலங்கையில் பூச்சிமருந்து, மஞ்சள் அரளி விதைன்னு விஷத்தோடு வந்த 4,600-க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதிச்சாங்க. 2008இல் முடிவு வந்தது. எல்லாருக்கும் வழக்கமா கரி கொடுத்ததால் இறப்பு குறையல. ரத்தத்தில் கலந்த விஷத்தைப் பிடிக்க, வயிற்றில் இருக்கும் கரி பெரும்பாலும் உதவாது.

8/ அதனால முதல் ஒரு மணி நேரம்தான் தங்கம். அதுவும் ஆசிட், சாராயம், இரும்புச்சத்து மாத்திரைக்கெல்லாம் கரி வேலை செய்யாது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊத்தினா நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

9/ ஆகவே வீட்டு அடுப்புக் கரியை இடிச்சுக் கொடுக்காதீங்க, உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. குடிச்ச டப்பாவையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துட்டு வாங்க. கரி வேணுமா வேண்டாமான்னு நாங்க பார்த்துக்கிறோம். நேரத்தை மட்டும் நீங்க மிச்சப்படுத்திக் கொடுங்க.