நான்காவது மூலை

புதுவையின் பழைய நகரில் வீதிகள் பெரும்பாலும் செங்கோணத்திலேயே வெட்டிக்கொள்கின்றன. 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர் வகுத்த திட்டத்தின் தடம் அது. வீதிகள் சூழ்ந்த ஒரு மனைத்தொகுதியில் மூன்று மூலைகள் செங்கோணமானால் நான்காவதை அளக்க வேண்டியதில்லை. ஏன் வேண்டியதில்லை என்று கேட்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

இணைகரத்தின் எதிர்க்கோணங்கள் சமம். அடுத்துள்ள இரண்டும் சேர்ந்து 180 பாகை. ஒன்று 70 எனில் ஏனையவை 110, 70, 110. பள்ளிப்பிள்ளைகள் அறிந்த இதனை யூக்ளிட் முதல் நூலின் 34ஆம் தேற்றத்தில் நிறுவுகிறார். ஆனால் அது 29ஆம் தேற்றத்தையும், அதுவோ ஐந்தாம் எடுகோளையும் நம்பி நிற்கிறது: இரு கோடுகளை மூன்றாவது கோடு வெட்ட, ஒருபக்க உட்கோணங்கள் 180க்குக் குறையுமானால், நீட்டிய கோடுகள் அப்பக்கத்தில் சந்திக்கும். இதனை நிரூபணமின்றி ஏற்பதா?

இப்னுல் ஹைஸம் மூன்று செங்கோணங்கள் கொண்ட நாற்கரத்தை எடுத்து ஆராய்ந்தார். நம் வீதி மூலைக் கேள்வியேதான். ஹிஜ்ரி 470இல் (1077) உமர் கய்யாம், ஓர் அடிக்கோட்டின் இருமுனையிலும் சமமான செங்குத்துகளை நிறுத்தி, மேற்கோணங்கள் குறுங்கோணமா, விரிகோணமா, செங்கோணமா என வினவினார். முன்னிரண்டும் இயலாதவை என நிறுவிவிட்டதாகக் கருதினார். இதைக் கொண்டு யூக்ளிடல்லாத வடிவியலையே அவர் கண்டார் என நம்மவர் சிலர் எழுதுவது மிகை. அவர் மறுக்க முயன்றதே அதைத்தான்.

நஸீருத்தீன் தூஸியின் பெயரில் 1594இல் ரோமில் அச்சான அரபி நூலும் அவருடையதன்று. அவர் 1274இல் மறைந்தார், நூல் எழுதப்பட்டதோ 1298இல். எனினும் அந்நூலின் நிரூபணத்தை ஜான் வாலிஸ் லத்தீனில் வெளியிட்டார். ஆண்டு 1693, டச்சுக்காரர் புதுவையைக் கைப்பற்றிய அதே ஆண்டு! அதைக் கண்ட சாக்கேரி 1733இல் குறை காட்டி, கய்யாமின் நாற்கரத்தையே மீண்டும் வரைந்தார். அவர் முயற்சியும் பலிக்கவில்லை. அந்த எடுகோளை மற்றவற்றிலிருந்து நிறுவவே இயலாதென்பது 1868இல் பெல்த்ராமியின் ஆய்வுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்கும் பாடத்திட்டத்தில் தூஸியின் ‘தஹ்ரீர் உக்லீதிஸ்’ முதல் மகாலா இடம்பெற்றிருந்தது. 34ஆம் தேற்றம் அதற்குள் அடங்கும். பிற்காலத்தில் பல மத்ரஸாக்கள் அதைக் கைவிட்டன, யானும் ஓதியதில்லை. எம்.ஏ. முடித்த பின்னரே தேடிப் படித்தேன். இப்போது விருப்பமுள்ள மாணவர் சிலருக்கு அரபி வாசகத்துடனேயே அதைக் கற்பிக்கிறேன். ‘முதவாஸில் அள்லாஉ’ என்ற சொல்லை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் எடுகோள் வந்ததும் ஒருவர் தவறாமல் கேட்கிறார்: “உஸ்தாத், இதற்குத் தலீல் எங்கே?”