ஆடாத நாளுக்கு யார் கூலி தருவது?

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திர சோழன் (1052–1064) காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. நாடக வரலாறு எழுதுவோர் எவரும் அதைத் தவறவிடுவதில்லை. வைகாசிப் பெருந்திருவிழாவில் 'இராசராசேசுவர நாடகம்' ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கும் அவன் வழியினர்க்கும் நெல் அளிக்கும்படி பிறந்த ஆணை அது. அந்த நாடகத்தின் ஏடு நமக்குக் கிடைக்கவில்லையே என்று வருந்துவதோடு ஆராய்ச்சியாளர் பலரும் நகர்ந்துவிடுகின்றனர். நாடகம் போனது போகட்டும். அதில் உள்ள கணக்கைச் சற்று நின்று பார்ப்போம்.

நாள் ஒன்றுக்குத் தூணி நெல். ஆண்டுக்கு 120 கலம். மூன்று தூணி கொண்டது ஒரு கலம். ஆகவே 120 கலம் என்பது 360 நாளுக்கான அளவு. ஆடுவதோ வைகாசித் திருவிழாவின்போது மட்டும். எஞ்சிய நாள்களில் கூத்தன் ஆடவில்லை. ஆனாலும் தூணி நெல் அவனுக்கு அளக்கப்பட்டது. கணக்கெழுதிய சோழ அலுவலன், கூத்தனுக்கு ஆடும் நாளில் மட்டுமன்றி ஆடாத நாளிலும் பசிக்கும் என்பதை அறிந்திருக்கிறான். அதே கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் ஆளுக்கு ஒரு வீடும், 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் வைத்ததும் இதே முறையில்தான். இதற்குக் கூத்தர் கொடுத்த விலையும் சிறிதன்று. கோயிலோடும் ஊரோடும் தலைமுறை தலைமுறையாய்க் கட்டுண்டு கிடக்க வேண்டும்.

இவ்வாறு கட்டுண்டு கிடக்காத கூத்தரின் நிலை என்ன? அதற்குச் சங்க இலக்கியமே சான்று. கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்ற மலைபடுகடாத்தை வகுப்பறையில் மலைவழி வருணனைக்காகவே பெரும்பாலும் நடத்துகிறோம். பரிசில் பெற்று மீளும் கூத்தன், பசியோடு வரும் கூத்தனுக்கு, 'இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ' என்று சொல்லும் நூல் அது. அடுத்த சோறு எவ்வூரில் என்பதே அதன் உள்ளுறை. இந்தச் செய்தியைத் தொழில் செய்வோர் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு நடிகரிடமும் மாறாமல் இருந்ததைப் பின்னர்க் காண்போம்.

கோயிலும் வள்ளலும் இல்லாத காலத்தில், நுழைவுச்சீட்டு விற்று நாடகம் நடத்தும் முறை வந்தபோது, ஆடாத நாளின் சுமையை ஏற்றவை நாடகக் கம்பெனிகள். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கப்பட்டது. அதன் ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவ்வாண்டில் அங்கே சேர்ந்த சிறுவர்களுள் ஒருவர் டி.கே. சண்முகம், வயது ஆறு. தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேடம் புனைந்த நடிகரே. இவர் பின்னாளில் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' கலைவரலாறாகவே போற்றப்படுகிறது. குடும்பக் கணக்குப் புத்தகமாகவும் அதைப் படிக்கலாம் என்பது நம் கருத்து. எந்த ஊரில் வசூல் இருந்தது, எங்கே கடன் ஏறியது என்பது அந்நூலில் ஓயாமல் வரும் செய்தி.

பால நடிகர்களைக் கொண்ட 'பாய்ஸ் கம்பெனி'யின் ஏற்பாடு எளியது. பையனுக்குக் கம்பெனி வீட்டில் உணவு, உடை, உறையுள். கூடவே பாட்டும் வசனமும் தாளமும். பெற்றோரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கப்படும். சிறு தொகை மாதச் சம்பளமாகும். இரவு தரையும் பெஞ்சும் நாற்காலியும் நிரம்பினாலும், மழையில் கொட்டகை ஒழுகி நாடகம் நின்றாலும், பையனுக்கு மறுநாள் காலை சாப்பாடு உண்டு. பஞ்சமும் கொள்ளை நோயும் நினைவில் நின்ற வீடுகளுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். கண்டிப்பும் அடியும் இருந்தன, பள்ளிக்கூடம் இல்லை. மகனை ஊர் ஊராகச் செல்லும் கூட்டத்தோடு அனுப்பிவைத்த தாயாரை இன்றிருந்து குறை சொல்வது நமக்கு எளிது. அந்த வீட்டின் அடுப்பைப் பார்த்தவர் சொல்லமாட்டார்.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு முடிவு நாள் பையனின் தொண்டையிலேயே குறிக்கப்பட்டிருந்தது. அதற்கு நாடகக்காரர் வைத்த பெயர் மகரக்கட்டு. பதின்பருவத்தில் குரல் உடைந்ததும் ராஜபார்ட்டும் போகும், ஸ்திரீபார்ட்டும் போகும். பாட்டே நாடகமாயிருந்த காலம் அல்லவா? பி.யு. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் 15 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்து, பாட்டுத் திறத்தால் 75 ரூபாய்க்கு உயர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவ்வளவு உயர்த்திய அதே குரல் உடைந்தபோது அவரும் கம்பெனியை விட்டு நீங்கிப் புதுக்கோட்டை திரும்ப நேர்ந்தது. அங்கே குஸ்தியும் சிலம்பமும் பழகினார். ஒரு தொழிலாளி பதினைந்து வயதில் மூப்படைந்து வீடு திரும்பும் தொழில் உலகில் வேறு எத்தனை இருந்தன என்று தெரியவில்லை.

டி.கே.எஸ். சகோதரர்கள் இதற்குக் கண்ட தீர்வு தாங்களே முதலாளியாவது. 1925-இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினர். குரல் போனாலும் இனி வெளியேற்ற ஆளில்லை. ஆனால் வசூலாகாத ஊரின் கடன் அன்று முதல் அவர்கள் தலையில் ஏறியது. ஆடாத நாளின் கூலி தள்ளுபடியாகவில்லை, கை மாறியது, அவ்வளவே.

இங்கே ஓர் இடைச்செருகல். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபையைச் சேர்ந்தோர் வழக்கறிஞர்கள், அலுவலர்கள், படித்தவர்கள். கூலி வாங்காமல் நடித்தனர். தமிழ் நாடகத்துக்கு மதிப்புத் தேடித் தந்தவர்கள் இவர்கள் என்று பாடநூல்கள் எழுதும், அது உண்மையே. ஆனால் அந்த மதிப்பில் ஒரு பங்கு, கூலி வாங்காததால் வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வழக்கு மன்ற வருவாய் உள்ளவர் மேடையேறினால் கலைஞர். மேடையே வருவாயானவர் 'கூத்தாடி'. வயிற்றுக்காக ஆடியவனை இழித்துரைக்கும் அச்சொல் நம் மொழியில் இன்னும் வசையாகவே வாழ்கிறது.

கம்பெனிக்கு நேர் எதிரானது ஸ்பெஷல் நாடகம். கம்பெனிகளில் புகழ் பெற்ற நடிகர்களைத் தனித்தனியே அழைத்து ஓரிரவு நாடகம் நடத்துவதில் பிறந்தது இம்முறை. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து பாடிய மேடைகளைப் பற்றிக் கேள்விப்படாதார் இலர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணமோ பவளக்கொடியோ எல்லாருக்கும் மனப்பாடம். பெரும்பாலும் சுவாமிகளின் பாடம். இரவு பத்து மணிக்கு மேல் சந்திப்பர், விடியும்வரை ஆடுவர், கூலியை வாங்கிக்கொண்டு அவரவர் பேருந்தில் ஏறுவர்.

இம்முறையில் ஓரிரவுக் கூலி கம்பெனிச் சம்பளத்தைவிடப் பன்மடங்கு மிகுதி. புகழுள்ளவர் விலை பேசலாம். முதலாளிக்கு அஞ்ச வேண்டியதில்லை. அதனால்தான் கம்பெனிகளிலிருந்து நடிகர்கள் ஸ்பெஷலுக்கு ஓடினர். ஆனால் அந்தக் கூலியிலிருந்து கழிய வேண்டியவற்றையும் பார்க்க வேண்டும். பட்டும் சரிகையும் நகையும் அரிதாரமும் நடிகர் சொந்தச் செலவு. ஆர்மோனியம் வாசிப்பவருக்குப் பெட்டி சொந்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, திருவிழா இல்லாத மாதங்கள். பங்குனியில் தொடங்கும் பருவம் ஆடி, ஆவணியோடு தளரும். பின்பு மழை, அடுத்து மார்கழி. பருவத்தில் தூக்கமின்றி ஆடிச் சேர்த்ததே ஆண்டு முழுவதும் அடுப்பெரிக்க வேண்டும். நகை என்பது இந்நடிகையர்க்கு அணியாகவும் வங்கியாகவும் இருந்தது. வைகாசியில் மீட்டதை ஐப்பசியில் மீண்டும் அடகு வைப்பது வழக்கம்.

இங்கே நடிகர்கள் தாமே அமைத்துக்கொண்ட ஏற்பாடுகள் நம் வியப்புக்குரியன. ஊர்க்காரர் நாடகம் பேச வந்தால் முதலில் தேதி, பிறகு தொகை, உடனே முன்பணம். முன்பணம் வாங்கிய தேதியை மீறக்கூடாது என்பது தொழில் அறம். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி ஆகிய ஊர்களில் தோன்றிய நடிகர் சங்கங்களே வேலை பேசும் இடமாகவும் வழக்குத் தீர்க்கும் இடமாகவும் அமைந்தன. நடிகர் தம் படத்தோடும் ஊர்ப்பெயரோடும் நோட்டீசில் இடம்பெறுவதை வீண் பெருமை என்று எண்ணிவிடக் கூடாது. அதைப் பார்த்தே அடுத்த ஊர் தேடி வரும். நாடகம் முடிந்த விடியலில், 'அவ்வூரில் வள்ளிக்கு ஆள் தேடுகிறார்கள்' என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்வது ஆற்றுப்படையின்றி வேறென்ன?

சிறைக்குப் போனவருக்கு இந்தத் தேதிகளும் இல்லை. விசுவநாத தாஸ் (1886–1940) மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடியதற்காகப் பலமுறை கைதானவர். தியாகிகள் பலர் குடும்பத்துக்கு நிலமோ கடையோ இருந்திருக்கும். ஸ்பெஷல் நடிகருக்கு உள்ளிருக்கும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். அவர் 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர் துறந்தார். அதை வீரமரணமாக மட்டும் பேசுகிறோம். அன்றைய கூலியும் அவருக்குத் தேவையாக இருந்திருக்கும்.

திரைப்படம் வந்தபின் தொகைகள் மாறின. 1935-இல் வெளிவந்த நந்தனாரில் நடிக்கக் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் பெற்றதை நாடறியும். ஸ்டூடியோக்கள் சில, கம்பெனி முறையை ஒட்டி மாதச் சம்பளமும் தந்தன. 1952-இல் பராசக்தியில் நடித்தபோது சிவாஜி கணேசனின் சம்பளம் மாதம் 250 ரூபாய் என்பது பலரும் எழுதிய செய்தி. பிறகு நேரத்தை அளந்து விற்கும் கால்ஷீட் முறை நிலைத்தது. முதலில் ஒரு தாளின் பெயராக இருந்த சொல், தமிழில் நடிகர் விற்கும் நாளின் பெயராகிவிட்டது.

இந்தப் பெரும்பணத்தை என்ன செய்வது என்பதற்குப் பாடம் சொல்ல யாருமில்லை. சின்னப்பா வீடுகளாக வாங்கினார். புதுக்கோட்டையில் அவர் வாங்கிக் குவித்ததைக் கண்டு, இனி அவருக்கு வீடு விற்கலாகாது என்று சமஸ்தானமே ஆணையிட்டது என ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ மிகையோ, மகரக்கட்டில் ஒருமுறை தெருவுக்கு வந்தவரின் அச்சம் அக்கதையில் இருக்கிறது. அவரும் 1951-இல், 35 வயதில் மறைந்தார். தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944-இல் வெளியாகி மூன்று தீபாவளி கண்டது. அந்த ஆண்டு இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானவர் 1947-இல் விடுதலையாகி வெளியே வந்தபோது ரசனை மாறியிருந்தது. பழைய செல்வ நிலை மீளாமலே 1959-இல் மறைந்தார். அவரை ஊதாரி என்பாரும் உளர். இரண்டரை ஆண்டு ஆடாத நாள்களைத் தாங்கும் சேமிப்பு எந்த நடிகனிடம் இருந்தது?

தென்னிந்திய நடிகர் சங்கம் 1952-இல் தோன்றியது. அரசின் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. இவற்றின் உதவியைச் சிறிதென்று நாம் ஒதுக்கமாட்டோம். எனினும் ஸ்பெஷல் நாடகக்காரரின் ஆண்டுக் கணக்கு இன்றும் பருவத்தையே நம்பியுள்ளது என்பதை 2020 காட்டிற்று. ஊரடங்கு மார்ச் 25-இல், சரியாகப் பங்குனியில் வந்தது. கொடியேற்றங்கள் நின்றன. அடுத்த ஆண்டும் மே மாதத்தில், வைகாசி பிறக்கும் வேளையில், மீண்டும் ஊரடங்கு. இழந்தது சில மாத வேலையன்று. இரண்டு முழு ஆண்டுகளின் அரிசி. பருவம் தொடங்கும்முன் வாங்கிய முன்பணம் வீட்டில் செலவாகியிருக்கும். நாடகம் நடவாத தேதிக்கு அதைத் திருப்பித் தர வேண்டுவது நடிகரா, பொறுத்துக்கொள்ள வேண்டுவது ஊரா? எழுதிவைத்த ஒப்பந்தம் இல்லாத தொழிலில் அதை ஒவ்வோர் ஊரும் தன் மனம்போலத்தான் தீர்த்திருக்க முடியும்.