உறைந்தும் சாகாத பூச்சிகள்

வட அமெரிக்காவின் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூச்செடி மண்டிக் கிடக்கும். ஜனவரியில் இலையும் பூவும் உதிர்ந்து, காய்ந்த தண்டு மட்டும் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்போது, அதில் எலுமிச்சை அளவுக்கு ஓர் உருண்டைப் புடைப்பு தெரியும். நெல்லில் ஆனைக்கொம்பன் ஈ செய்கிற வேலையைத்தான் இங்கே யூரோஸ்டா சாலிடாஜினிஸ் என்ற ஈ செய்கிறது. அதன் புழு தண்டுக்குள் புகுந்து, செடியைத் தன் வசதிக்கேற்ப வீங்கவைக்கிறது. புடைப்பைக் கத்தியால் பிளந்தால் நடுவே பருத்த வெள்ளைப் புழு ஒன்று கிடக்கும். கடுங்குளிர் நாளில் அது கல்போல உறைந்திருக்கும். புடைப்புக்குள் கதகதப்பு எதுவும் கிடையாது. வெளியே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்றால் உள்ளேயும் ஏறக்குறைய அதே குளிர்தான். ஆனாலும் பனி உருகியதும் புழு நெளியத் தொடங்கிவிடும்.

தேனீக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சதையை அதிரவைத்து வெப்பம் உண்டாக்கும். பெரும்பாலான பூச்சிகளுக்கு அந்த வசதி இல்லை. காற்று எவ்வளவு குளிருமோ அவற்றின் உடலும் அவ்வளவு குளிரும். குளிரைவிடப் பெரிய ஆபத்து பனிக்கட்டி. செல்லுக்குள் பனி உருவானால் செல் சிதையும். செல்லுக்கு வெளியே உருவானாலும் தொல்லைதான்: நீர் பனியாக மாற மாற, மீதமுள்ள திரவத்தில் உப்பு அடர்ந்து, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். செல் சுருங்கும். அந்த வகையில் உறைவதும் ஒருவித வறட்சியே. குளிரைத் தாங்கும் பூச்சிகளும் வறட்சியைத் தாங்கும் பூச்சிகளும் பல இடங்களில் ஒரே உத்திகளைக் கையாள்வதற்கு இதுதான் காரணம்.

யூரோஸ்டா புழு இலையுதிர் காலத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. உடலில் சேமித்த கிளைக்கோஜனை முதலில் கிளிசராலாகவும், குளிர் இன்னும் இறங்கியபின் சார்பிட்டாலாகவும் மாற்றிக்கொள்கிறது. இவை செல்லுக்குள் நிறைந்திருப்பதால் செல் அளவுக்கு மீறிச் சுருங்குவதில்லை. மைனஸ் 10 டிகிரியை ஒட்டி, செல்களுக்கு வெளியே உள்ள நீர் நிதானமாக உறையத் தொடங்கும். ஆழ்ந்த குளிரில் திடீரென்று உறைவதைவிட இப்படி முன்கூட்டியே உறைவது பாதுகாப்பானது. கனடாவின் லெத்பிரிட்ஜில் பணியாற்றிய ஆர். டபிள்யூ. சால்ட் 1950களின் இறுதியில் இதைவிட வியப்பான ஒன்றைக் காட்டினார். இந்தப் புழுவின் கொழுப்புச் செல்கள் உள்ளேயே உறைந்தும் உயிரோடிருந்தன. செல்லுக்குள் பனி புகுந்தால் சாவு நிச்சயம் என்ற விதிக்கு இது அரிய விலக்கு.

புழுவின் இன்னொரு முன்னேற்பாட்டையும் சொல்லியாக வேண்டும். வளர்ந்த ஈக்குக் கடிக்கும் வாய் கிடையாது. கட்டையாகிவிட்ட புடைப்பைத் துளைத்து வெளியேற அதனால் முடியாது. ஆகவே குளிர் வருமுன் புழுவே வெளித்தோல் வரை சுரங்கம் தோண்டி, மெல்லிய தோலை மட்டும் விட்டுவைக்கிறது. வசந்தத்தில் ஈ தன் நெற்றியிலுள்ள பை ஒன்றை ஊதிப் பெருக்கி அந்தத் தோலை உடைத்து வெளிவருகிறது.

அதே செடியில் வேறொரு புடைப்பும் உண்டு, நூற்கதிர்போல நீண்டது. அதில் எபிபிளீமா என்ற அந்துப்பூச்சியின் புழு வாழ்கிறது. ஒரே வயல், ஒரே குளிர், ஆனால் வழி நேரெதிர்: இது உறையவே உறையாது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவுக்குக் கிளிசராலைச் சேர்த்துக்கொண்டு, மைனஸ் 38 டிகிரி வரை திரவமாகவே தாக்குப்பிடிக்கும். நீர் பனியாக ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். தூசோ உணவுத் துணுக்கோ போதும். அதனால்தான் உறையாமல் பிழைக்கும் பூச்சிகள் பலவும் குளிர்காலத்துக்கு முன் குடலைக் காலி செய்துவிடுகின்றன. எங்காவது ஒரு பனித்துகள் முளைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

இந்த வழியில் எல்லைவரை போனது அலாஸ்காவின் செந்நிறத் தட்டை வண்டு. அதன் புழுக்கள் உடல்நீரைக் குறைத்து, கிளிசராலைக் கூட்டி, பனித்துகள்களைப் பற்றிக்கொண்டு வளரவிடாமல் தடுக்கும் புரதங்களையும் சுரக்கின்றன. 2010இல் வெளியான ஆய்வில் சில புழுக்கள் மைனஸ் 100 டிகிரியிலும் உறையவில்லை. உடல்திரவம் கண்ணாடிபோல இறுகி நின்றது.

அண்டார்க்டிகாவுக்கே உரிய ஒரே பூச்சி பெல்ஜிகா அண்டார்க்டிகா. சில மில்லிமீட்டர் நீளமுள்ள, இறக்கையில்லாத கொசுவினம். ஈராண்டுகள் புழுவாக இருந்துவிட்டு, முதிர்ந்த பூச்சியாக ஒன்றிரண்டு வாரத்தில் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும். பனி சூழ்ந்த மண்ணில் இதன் புழு உடல்நீரை மெல்ல மெல்ல ஆவியாக வெளியேறவிட்டு வதங்குகிறது. உள்ளே நீர் குறையக் குறைய, உறைய வாய்ப்பும் குறைகிறது. உடல்நீரில் 70 சதவீதம் போனாலும் இது பிழைக்கும். 2014இல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, அது ஏறத்தாழ 10 கோடி எழுத்துகளுக்குள் அடங்கிவிட்டது. பூச்சிகளில் அதுவரை அறிந்தவற்றில் மிகச் சிறியது.

வெப்பம் மிகுந்த ஆப்பிரிக்காவிலும் இதன் தூரத்து உறவினம் ஒன்று உண்டு. வட நைஜீரியாவின் பாறைக்குழிகளில் மழைநீர் வற்றும்போது, பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி என்ற கொசுவினத்தின் புழு சுமார் 3 சதவீத நீர் மட்டும் மிஞ்சும்வரை காய்ந்து சருகாகிறது. நீர் விட்டுப்போன இடத்தை ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை நிரப்புகிறது. காய்வது மட்டும் நிதானமாக, இரண்டு நாளாவது எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அவசரமாகக் காயவைத்தால் புழு மீளாது. ஹோவர்ட் ஹின்டன் 1960இல், இப்படிக் காய்ந்த புழு மைனஸ் 270 டிகிரியையும், 100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தையும் சிறிது நேரம் தாங்கியதை அறிவித்தார். 17 ஆண்டுகள் காய்ந்து கிடந்தபின் பிழைத்த புழுக்களும் உண்டு.

மாதக்கணக்கில் தயாராகாமல், நிமிடங்களில் சுதாரிக்கும் பூச்சிகளும் இருக்கின்றன. சதை ஈயை வெதுவெதுப்பிலிருந்து நேரே மைனஸ் 10 டிகிரிக்கு மாற்றினால் சாகும். இடையே சிறிது நேரம் 0 டிகிரியில் வைத்துவிட்டு மாற்றினால் பிழைக்கும். 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். பனிமேல் நடந்து திரியும் இறக்கையற்ற பனி ஈயின் வழி இன்னும் கடுமையானது. காலில் பனி உருவாகத் தொடங்கினால், அது உடலுக்குப் பரவுமுன் அந்தக் காலையே கழற்றி விட்டுவிடும்.

கோல்டன்ராட் ஈக்கு இன்று தொல்லை தருவது மிதமான குளிர்காலம். உறைந்த புழு உடல் சேமிப்பைச் செலவழிப்பதில்லை என்று சொல்லலாம். வெதுவெதுப்பான நாட்களில் அதன் உடல் இயங்கிக்கொண்டே இருக்கும், உணவோ கிடைக்காது. சோதனைக்கூடத்தில் 12 டிகிரியில் குளிர்காலத்தைக் கழித்த புழுக்கள், 0 டிகிரியில் இருந்தவற்றைவிட அதிகம் மடிந்தன. தப்பிய பெண் ஈக்களிடம் முட்டைகளும் குறைவாகவே இருந்தன.