மின்தடையம் – மின்தூண்டிச் சுற்று: தீர்வு முறைகளின் வரலாறு

மின்தடையமும் மின்தூண்டியும் ஒரு மின்மூலத்துடன் இணைந்த சுற்று, மின்னியலில் காலம் ஒரு மாறியாக நுழையும் மிக எளிய சுற்றுகளுள் ஒன்றாகும். மின்தடையம் மின்னோட்டத்தின் அளவை மட்டுப்படுத்த, காப்பிட்ட கம்பியைச் சுருளாகச் சுற்றி அமைக்கப்படும் மின்தூண்டி மின்னோட்டத்தில் ஏற்படும் மாற்றத்தை எதிர்க்கிறது. மோட்டார், ரிலே, மின்மாற்றி ஆகியவற்றின் சுருள்கள் எல்லாவற்றுக்கும் இவ்விரு பண்புகளும் ஒருங்கே இருப்பதால், இச்சுற்றைத் தீர்க்கும் கலை மின்பொறியியலின் வளர்ச்சியோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தே வளர்ந்தது.

மின்னழுத்தமும் மின்னோட்டமும் நேர்விகிதத்தில் அமையும் என்பதை 1827இல் வெளியான நூலில் கியார்க் ஓம் நிறுவினார். ஆயினும் அவ்விதி நிலையான மின்னோட்டத்தையே கருத்தில் கொண்டது. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். நீண்ட கம்பிச் சுருளின் இணைப்பைத் துண்டிக்கையில் வலிய தீப்பொறி எழுவதை 1832இல் அமெரிக்கரான ஜோசப் ஹென்றி பதிவு செய்தார். சுருள் தன் மின்னோட்டம் மாறும்போது தனக்குள்ளேயே மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கும் இப்பண்பே தன்மின்தூண்டல் ஆகும். தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே பாயும் என்பதை 1834இல் இயற்பியலாளர் லென்ஸ் ஒரு விதியாக வகுத்தார்.

கணக்கீட்டு முறைக்கு அடித்தளம் இட்டவர் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழக மாணவராக இருந்த குஸ்தாவ் கிர்க்காஃப். ஒரு மூடிய சுற்றில் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை சுழியாகும் என்ற அவரது 1845ஆம் ஆண்டு விதியில், மின்தூண்டியின் எதிர் மின்னழுத்தத்தையும் ஓர் உறுப்பாகச் சேர்த்தால், மின்னோட்டமும் அது மாறும் வீதமும் ஒன்றாக இடம்பெறும் வகைக்கெழுச் சமன்பாடு கிடைக்கிறது. அச்சமன்பாட்டின் தீர்வை 1851இல் வெளியிட்ட ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், அப்போது அதே நகரில் உடலியல் பேராசிரியராக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. தவளை நரம்பில் துடிப்பு செல்லும் வேகத்தை அளந்துவந்த அவருக்கு, தூண்டப்பட்ட மின்னோட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பது முதன்மையான கேள்வியாக இருந்தது.

அத்தீர்வின் இயல்பை ஒரு கணக்கின் வழியே காணலாம். 12 வோல்ட் மின்கலத்துடன் 6 ஓம் மின்தடையமும் 3 ஹென்றி மின்தூண்டியும் தொடராக இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. சாவியை மூடிய கணத்தில் மின்னோட்டம் சுழியாக இருப்பதால், 12 வோல்ட் முழுவதும் மின்தூண்டியின் குறுக்கே அமைய, மின்னோட்டம் வினாடிக்கு 4 ஆம்பியர் வீதத்தில் ஏறத் தொடங்குகிறது. அது 1 ஆம்பியரை எட்டும்போது மின்தடையம் 6 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 6 வோல்ட் ஏற்ற வீதத்தை வினாடிக்கு 2 ஆம்பியராகக் குறைத்துவிடுகிறது. இவ்வாறு ஏற ஏற வேகம் தளர்ந்து 2 ஆம்பியரை நெருங்கும் இவ்வளைகோடு அடுக்குக்குறிச் சார்பாகும். தூண்டல் எண்ணைத் தடையால் வகுக்கக் கிடைக்கும் 0.5 வினாடி இச்சுற்றின் காலமாறிலி. அந்நேரத்தில் மின்னோட்டம் இறுதி அளவில் ஏறத்தாழ 63 சதவீதத்தை, அதாவது 1.26 ஆம்பியரை எட்டுகிறது. இறுதியில் சுருளின் காந்தப்புலத்தில் 6 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கும். ஹென்றி கண்ட தீப்பொறி இத்தகைய ஆற்றலின் வெளிப்பாடே.

மாறுதிசை மின்னோட்டம் பரவிய பின், ஒவ்வொரு சுற்றுக்கும் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்ப்பது பொறியாளர்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று. முறையான உயர்கல்வி பெறாத முன்னாள் தந்திப் பணியாளரான ஆலிவர் ஹெவிசைடு, வகையிடலையே ஓர் எண்ணைப் போலக் கையாண்டு விடைகண்டார். கணிதவியலார் ஐயுற்ற அம்முறைக்குப் பிற்காலத்தில் லாப்லாஸ் உருமாற்றம் உறுதியான அடிப்படை தந்தது. 1893இல் ஆர்தர் கென்னலியும், சிகாகோ மின்னியல் மாநாட்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்சும் கலப்பெண்களைப் பயன்படுத்தும் வழியை முன்வைத்தனர். தூண்டலின் அலகுக்கு ஹென்றியின் பெயர் சூட்டப்பட்டதும் அம்மாநாட்டில்தான். இவ்வழியில் தடை மெய்ப்பகுதியாகவும், மின்தூண்டியின் மறுப்பு கற்பனைப் பகுதியாகவும் அமைய, இரண்டும் சேர்ந்த மின்எதிர்ப்பு ஓம் விதியில் தடையின் இடத்தைப் பெறுகிறது. 30 ஓம் தடையும் 40 ஓம் மறுப்பும் தொடராக அமைந்த சுற்றின் மின்எதிர்ப்பு 70 அன்று, 50 ஓம் ஆகும். 200 வோல்ட் கொடுத்தால் 4 ஆம்பியர் பாயும். அப்போது வோல்ட்மீட்டர் மின்தடையத்தில் 120 வோல்ட்டும் மின்தூண்டியில் 160 வோல்ட்டும் காட்டும். அவற்றின் கூட்டுத்தொகை மூலத்தை விஞ்சுவதற்குக் காரணம், இரு மின்னழுத்தங்களும் ஒரே கணத்தில் உச்சம் அடையாமல் கால் சுழற்சி முந்திப் பிந்தி அமைவதே. வகைநுண்கணிதத்தை அன்றாடக் கணக்கிலிருந்து விலக்கி இயற்கணிதமாக மாற்றிய இம்முறையே, மின்பொறியியலுக்குக் கிடைத்த கொடைகளுள் தலையாயது எனலாம்.

கணினியும் வேறொரு வகையில் இதே நோக்கத்தையே பின்பற்றுகிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாகி 1973இல் அறிமுகமான ஸ்பைஸ் போன்ற மென்பொருள்கள், காலத்தைச் சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் மின்தூண்டிக்கு ஈடாக ஒரு தடையையும், முந்தைய மின்னோட்டத்தை நினைவில் வைக்கும் ஒரு மூலத்தையும் அமைத்துக் கணக்கிடுகின்றன. எளிய பின்னோக்கு முறையில் 0.01 வினாடிப் படிக்கு மேற்கண்ட 3 ஹென்றி மின்தூண்டி 300 ஓம் தடையாகிறது. 12 வோல்ட்டை மொத்தத் தடையான 306 ஓமால் வகுத்தால் முதற்படியின் மின்னோட்டம் 0.0392 ஆம்பியர் என வருகிறது. ஹெல்ம்ஹோல்ட்சின் தீர்வு அதே கணத்துக்குத் தருவது 0.0396 ஆம்பியர், படியைச் சிறிதாக்குந்தோறும் இவ்விடைவெளி சுருங்குகிறது.