வன்னிக் காய்ச்சலும் மண்ணீரற் சோதனையும்

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றிடல் முள்ளிவாய்க்கால். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடிவுற்ற இடமென்றே உலகம் அப்பெயரை அறியும். ஆயின் அவ்வூரை உள்ளிட்ட வன்னி நிலம் நெடுங்காலமாக அஞ்சப்பட்டது வேறொன்றின் பொருட்டு. அது மலேரியாக் காய்ச்சல்.

அந்நாளில் வைத்தியருக்குக் கையே கருவி. இடப்பக்க விலாவின் கீழ் விரல்களை வைத்து, நோயாளியை மூச்சை ஆழ இழுக்கச் சொல்வார்; பருத்த மண்ணீரல் இறங்கிவந்து விரலிலே தட்டும். 1840களில், வட இந்தியாவின் கால்வாய்க் கிராமங்களில், டெம்ஸ்டர் என்னும் மருத்துவர் இதனை ஓர் அளவுகோலாகவே ஆக்கினார். பிற்காலத்தில் இம்முறை செம்மையுற்றது. இரண்டு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவரைத் தடவிப்பார்த்து, நூற்றுக்கு ஐம்பதின்மேற் பருத்த மண்ணீரல் காணப்படின் அவ்வூர் கடும் மலேரியா ஊரெனக் கணிப்பர்.

இக்குறி ஊரின் நிலையைச் சொல்லிற்றேயன்றி எதிரே நின்ற நோயாளியின் நிலையைச் சொல்லவில்லை. பருத்த மண்ணீரல் பெரும்பாலும் பழைய காய்ச்சல்களின் தழும்பு. நெருப்புக்காய்ச்சலிலும் அது பருக்கும். இன்று காயும் உடம்பில் இருப்பது எந்நோய் என்பதை விரல் எங்ஙனம் அறியும்?

1934-35ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய் வேறொரு செய்தியையும் புலப்படுத்திற்று. ஏறக்குறைய 80,000 பேரைக் கொன்ற அந்நோய், மலேரியா அரிதாயிருந்த தென்மேற்குப் பகுதிகளிலேயே கொடுமையாகப் பரவியது. ஓயாது காய்ச்சல் கண்ட வறண்ட நாட்டார் ஒருவாறு தப்பினர். பருத்த மண்ணீரல் அவர்தம் எதிர்ப்பாற்றலுக்கும் அடையாளமாயிருந்தது. அவ்வாற்றலுக்கு விலையாகப் போனவை அந்நாட்டுக் குழந்தைகளின் உயிர்கள்.

ஆளின் நோயை அறிவித்தது ஒரு துளி இரத்தம். 1880இல் லவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அல்ஜீரியாவில் நோயாளியின் இரத்தத்திலே மலேரியாக் கிருமியைக் கண்டார். பின்னர், விரல் நுனியைக் குத்தி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் ஆராய்வது வழக்கமாயிற்று. டி.டி.ரி. மருந்துத் தெளிப்பும் இச்சோதனையும் சேர்ந்ததால் 1963இல் தீவு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கண்டதும் தெளிப்பும் தேடுதலும் தளர்ந்தன. 1967 முதல் 1969 வரை நோயுற்றோர் பல இலட்சத்தினர்! வராத நோயைத் தேடுவதற்குப் பணமும் பொறுமையும் எளிதிற் கிட்டுவதில்லை.

போர்க்காலத்தில் வடக்கும் கிழக்குமே மலேரியாவின் உறைவிடங்களாயின. மின்சாரமும் பயிற்சி பெற்ற கண்ணும் வேண்டும் நுணுக்குக்காட்டிக்கு அங்கே பல இடங்களில் வாய்ப்பில்லை. சிறு அட்டையில் இரத்தத்துளியை விட்டு, சில நிமிடங்களிற் கோடு தோன்றுகிறதா எனப் பார்க்கும் விரைவுச் சோதனை அத்தகைய இடங்களுக்குப் பொருந்தியது. 2009இல் இலட்சக்கணக்கானோர் வவுனியா முகாம்களில் நெருங்கி வாழ்ந்தபோது கொள்ளைநோய் மூளுமென அஞ்சப்பட்டது. எனினும் அவ்வாண்டில் தீவு முழுவதும் பதிவான நோயாளர் ஆயிரத்துக்கும் குறைவே.

உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012 அக்டோபரிற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. காய்ச்சலோடு வருபவரிடம் அண்மையில் வெளிநாடு சென்றதுண்டா என்று இன்று மருத்துவர் வினவுகிறார்; ஆமெனின் விரல் நுனி குத்தப்படுகிறது. மலேரியாவாற் பருத்த மண்ணீரலைத் தம் கையால் தொட்டறியாத இளம் மருத்துவர்கள் வன்னியிலேயே இன்று பலர்.